மாஸ்டரின் இரண்டு கழுத்துக் கிட்டார்

அந்தக் கிட்டாரை நான் முதலில் பார்த்தபோது அது ஒரு பழைய போர்வைக்குள், திருத்தங்கலில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் காகிதக் கட்டுகள்மேல் படுத்திருந்தது. போர்வையை விலக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே உடம்பு, இரண்டு கழுத்து. மேல் கழுத்தில் பேஸ் கிட்டாரின் நான்கு தடித்த கம்பிகள். கீழ்க் கழுத்தில் லீட் கிட்டாரின் ஆறு மெல்லிய கம்பிகள். சிரித்த வேகத்திலேயே அடங்கியும் போனேன். மேல் கழுத்தின் கறுப்புப் பட்டையும் அதன் ஓரத்துச் சிராய்ப்பும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. அது மாஸ்டருடைய தம்பியின் கிட்டார். அதையும் மாஸ்டருடைய கிட்டாரையும் அறுத்து ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. பகலில் காலண்டர் தாள்களில் கிழமையும் விடுமுறையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பிழை பார்ப்பேன். ஞாயிறுகளிலும் விசேஷ நாட்களின் சாயங்காலங்களிலும் மெல்லிசைக் குழுவில் பாடுவேன். குழுவை நடத்தியவர் எங்கள் அச்சகத்திலேயே ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர். மெஷினிலும் மேடையிலும் அவர் எல்லாருக்கும் மாஸ்டர்தான். அவர் லீட் வாசிக்க, தம்பி பேஸ் வாசிப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். ஆனாலும் சேர்ந்தே நிறுத்துவார்கள், சேர்ந்தே எடுப்பார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று பாடுவது நன்றாகப் போட்ட சாலையில் சைக்கிள் விடுவது போல இருக்கும்.

அது கெட்டது ஒரு கோயில் பொங்கல் கச்சேரியில். தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது மனைவியும் அவளுடைய அப்பா அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பரபரப்போ என்னவோ, ஒரு பாட்டின் நடுவில் தம்பி தாளத்தை விட்டுவிட்டார். மாஸ்டர் என் மைக்குப் பக்கம் குனிந்து, "ஏலே, தூங்குறியா?" என்று கேட்டார். ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தம்பி அந்தப் பாட்டை ஒரு பிசகில்லாமல் வாசித்து முடித்தார். பிறகு கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் அவளுடைய ஊரான காரியாபட்டியில் டிவி, மிக்ஸி பழுது பார்க்கும் கடை போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

வேறு பேஸ்காரர் வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். மாஸ்டர் கேட்கவில்லை. "அவன் எடத்துல இன்னொருத்தன நிறுத்தவா? ரெண்டையும் நானே வாசிக்கேன்" என்றார். தம்பி விட்டுப்போன கிட்டாரையும் தன்னுடையதையும் மதுரைக்கு எடுத்துப் போய், ஒரு தச்சரிடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டு வந்தார். வீம்பு என்றுதான் அன்று நினைத்தேன். தம்பியின் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றி வைக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு கழுத்திலிருந்து மற்றதற்கு மாறுவது லேசான காரியமில்லை. பாட்டு ஓடும்போது மேல் கழுத்தில் பேஸ் போய்க்கொண்டிருக்கும். பல்லவி முடிந்து இடையிசை வந்ததும் லீடுக்கு மாற வேண்டும். இடது கை ஒரு கழுத்தை விட்டு மற்றதைப் பிடிக்கும் நேரத்தில், வலது கை ஒரு சின்ன சுவிட்சைத் தட்ட வேண்டும். எந்தப் பக்கம் தட்டுகிறோமோ அந்தக் கழுத்துத்தான் பேசும். நடுவில் நின்றுவிட்டால் இரண்டும் சேர்ந்து பேசும். தொடாத கம்பிகளெல்லாம் தாமாக அதிர்ந்து வண்டுபோல ரீங்கரிக்கும். தச்சர் அந்த சுவிட்சை, இடமிருந்த இடத்தில், கிட்டாரின் அடி மூலையில் வைத்துவிட்டார். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் குனிந்து அதைத் தேடுவார். அந்த ஒன்றரைத் தாள அளவுக்கு மேடையில் வெறுமை விழும். அதை மூட நான் பல்லவியின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாடப் பழகினேன். கேட்டவர்கள் அதைச் சங்கதி என்று பாராட்டினார்கள்! இரண்டு கிட்டாரின் கனம் வேறு; கச்சேரி முடிந்து வாரைக் கழற்றினால் மாஸ்டரின் தோளில் சிவப்பாகத் தடம் பதிந்திருக்கும். ஒருநாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு காலண்டர் சீசன் நேரத்தில் சுவிட்சு உடைந்தது. அச்சகத்தில் ஆர்டர் குவிந்து கிடந்ததால் மாஸ்டரால் மெஷினை விட்டு நகர முடியவில்லை. மறு வாரம் சிவகாசியில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. "மதுரையில குடுத்துச் சரி பண்ணிட்டு வந்துருதீயா தாயி?" என்று கேட்டார். சரி என்று வாங்கிக்கொண்டேன். விருதுநகரில் பஸ் மாறும்போதுதான் மனசு மாறியது. மதுரை பஸ்ஸை விட்டுவிட்டுக் காரியாபட்டி பஸ்ஸில் ஏறினேன். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தலைகளையும் பார்த்த நடத்துநர், "எத்தன டிக்கெட்டும்மா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

கடையில் தம்பி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க வாங்க, எப்படி இருக்கீக?" என்றார். போர்வையை விரித்ததும் குனிந்து பார்த்தார். "என் கிட்டார அறுத்துப்புட்டாரா?" என்றார் மெதுவாக. கோபம் வரும் என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் மேல் கழுத்தைப் பிடித்து, நான்கு கம்பிகளிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். "சுதி சேத்துத்தான் வச்சிருக்காரு" என்றார். பிறகு திருப்புளியை எடுத்து வேலையில் இறங்கிவிட்டார்.

உடைந்த சுவிட்சைக் கழற்றினார். புதியதைப் பழைய இடத்தில் வைக்கவில்லை. இரண்டு கழுத்துக்கும் நடுவே, வாசிக்கும் வலது கைக்குப் பக்கத்தில் துளை போட்டார். "இங்கன வச்சா சுண்டுவிரலாலயே தட்டிரலாம். இப்ப ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு தேடுறாருல்ல" என்றார்.

"அத நீங்க எப்பப் பாத்தீக?" என்று கேட்டேன்.

அவர் துளையிலிருந்த மரத்தூளை ஊதினார். உள்ளிருந்து அவர் மனைவிதான் சொன்னாள்: "மூணு கச்சேரிக்குப் போயிருக்காரு அக்கா. கடைசி வரிசைக்கும் பின்னால நின்னு பாத்துட்டு, சொல்லாமக் கொள்ளாம வந்துருவாரு."

கிட்டாரைச் சுற்றிக் கொடுக்கும்போது தம்பி சொன்னது இதுதான்: "அண்ணன்கிட்ட நான் செஞ்சேன்னு சொல்லிராதீக. தோளுக்கு அகலமான வாரு ஒண்ணு போட்டுருக்கேன்."

அடுத்த நாள் மதிய உணவு வேளையில் மாஸ்டர் கிட்டாரை மாட்டிக்கொண்டு அடி மூலையில் சுவிட்சைத் தேடினார். இல்லை. பிறகு நடுவில் கண்டுபிடித்தார். சுண்டுவிரலால் தட்டினார், லீட். திரும்பத் தட்டினார், பேஸ். நான்கைந்து முறை மாற்றி மாற்றித் தட்டியவர், என்னைப் பார்த்தார். "என் சுண்டுவிரலு எங்கன நிக்கும்னு மதுரைக்காரனுக்கு எப்படித் தெரியும்?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மூன்று கச்சேரி, கடைசி வரிசை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிட்டாரைக் கழற்றவே இல்லை. மணி அடித்து மெஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காரியாபட்டிக்குப் போனார். நடந்ததைத் தம்பியின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருக்கிறார்கள். எதிரில் டீக்கடையிலும் கூட்டம். மாஸ்டர் உள்ளே போகாமல் தெருவிலேயே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார்: "தப்பு எம்மேலதாம்லே. அன்னைக்கு மைக்குல பேசினேன். இங்கன மைக் இல்ல, அதான் சத்தமாச் சொல்றேன்." தம்பி வெளியே வந்து, "உள்ள வாங்கண்ணே, எல்லாரும் பாக்காக" என்று கையைப் பிடித்து இழுத்தாராம். "பாக்கட்டும். அன்னைக்கும் பாத்தாகள்ல" என்றாராம் மாஸ்டர்.

சிவகாசி வரவேற்புக்குத் தம்பி ஒரு பேஸ் கிட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாஸ்டரிடம் வேறு லீட் கிட்டார் இல்லாததால் அவர் அந்த இரண்டு கழுத்தையே மாட்டிக்கொண்டார். முதல் பாட்டில் இடையிசை அருமையாக வந்தது. அது முடிந்து நான் சரணத்தை எடுத்ததும், ஒரு வருடப் பழக்கத்தில் சுண்டுவிரல் தானாகச் சுவிட்சைத் தட்டிவிட்டது. மாஸ்டர் மேல் கழுத்துக்குப் போய்ப் பேஸ் வாசிக்கத் தொடங்கிவிட்டார்! பக்கத்தில் தம்பியும் அதையே வாசித்துக்கொண்டிருந்தார். மேடைப் பலகை என் காலடியில் அதிர்ந்தது. தம்பி திரும்பி, "அண்ணே, நான் இருக்கேன்" என்றார். மாஸ்டர் தன் கையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "தெரியும்லே" என்றார். ஆனாலும் சரணம் முடியும் வரை அவர் கழுத்தை மாற்றவே இல்லை.