அலோஹா மட்டும் போதுமா? சித்தூரிலிருந்து ஒரு நேர்காணல் பயணம்

போன மாதம் திருப்பதி போனது சாமி கும்பிட இல்லை. என் தங்கை மகள் ஜெனிக்கு அங்கே ஓர் ஓட்டலில் நேர்காணல். ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் பயணிகள் கப்பலில் வேலை. தகப்பன் இல்லாத வீடு, இந்த வேலையைத்தான் மலைபோல நம்பியிருந்தது. ஹவாய்த் தலைநகர் ஹொனலுலுவில் ஓர் ஓட்டலில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

சித்தூரில் காலை ஆறரைக்கு பஸ். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் அடிக்காது.

கப்பல் வேலைக்கான பயிற்சி மையத்தில் படித்ததை ஜெனி வழியெல்லாம் ஒப்பித்தாள். "அலோஹான்னா ஹலோ, மஹாலோன்னா தேங்க்ஸ், ஓஹானான்னா ஃபேமிலி. கப்பலுக்கு வர்றவங்க எல்லாரையும் ஓஹானான்னு சொல்லணுமாம் பெரிம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாதவரைப் பார்த்ததுமே குடும்பம் என்பார்களா? அலோஹா வெறும் ஹலோவா? வந்தாலும் அலோஹா, விடைபெற்றாலும் அலோஹா, அன்புக்கும் அதே சொல்தான். உதவி என்றால் 'கொகூவா', வேலை முடிந்தால் 'பவ்'. அங்கே நாள்முழுக்கக் காதில் விழும் இந்த இரண்டையும் மையத்தில் தொடவே இல்லை!

ஜெனியையும் சேர்த்து அந்த மையத்தில் படித்த ஐந்து பெண்களை ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார்கள். நேர்காணல் எடுத்தவர் ஹவாய்க்கார அம்மா.

"அந்தம்மா தன் கையாலயே மாலை கோத்துக்கினு வந்து போட்டாங்க பெரிம்மா. நாங்க உடனே கழட்டி மேசை மேல வெச்சிட்டோம். அவங்க மூஞ்சியே மாறிப்போச்சி."

நம் ஊரில் மாலை விழுந்ததும் கழற்றுவது அடக்கம். கழற்றாமல் நின்றால் பந்தா என்பார்கள். அங்கேயோ 'லெய்' என்னும் அந்த மாலையைப் போட்டவர் எதிரிலேயே கழற்றினால், அவர் அன்பு வேண்டாம் என்று சொன்ன மாதிரி. போகிறவர்கள் மறந்துவிடாதீர்கள். பாவம், இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? சொல்லித்தர வேண்டிய பயிற்சி மையத்துக்காரரோ, வாசலில் காத்திருந்தவர், அவர்கள்மேலேயே பாய்ந்தார்.

"எங்க மானமே போச்சி! வீட்டுக்குப் போங்கம்மா!"

மற்ற நான்கு பேரும் அழுதுகொண்டே கிளம்பிவிட்டார்கள். என்ன அநியாயம்! ஜெனியைப் பிடித்து நிறுத்தி, மன்னிப்புக் கேட்க என்ன சொல் படித்தாய் என்றேன். ஒன்றுமே இல்லையாம். சிரிக்கவும் நன்றி சொல்லவும் பழக்கியவருக்கு, இந்தப் பிள்ளைகளும் தப்பு செய்வார்கள் என்று தோன்றவே இல்லை. பயிற்சிக்குச் சேருகிறவர்கள் மன்னிப்புக்கு என்ன சொல் என்று முதல் நாளே கேளுங்கள்.

"'ஏ கல மாய்'னு சொல்லு. ஏன் கழட்டினீங்கன்னு உள்ளத உள்ளபடி சொல்லு," என்று உள்ளே தள்ளினேன்.

ஜெனி திரும்பி வந்தபோது மாலை கழுத்தில் இருந்தது. வேலையும் கிடைத்துவிட்டது. மற்றவர்களையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார் அந்த அம்மா.

மையத்துக்காரர் பல்லெல்லாம் தெரிய செல்போனோடு ஓடி வந்தார். "நம்ம ஸ்டூடண்ட்! ஒரு போட்டோ, பேனர்ல போடணும்!"

வாயைத் திறக்கப் போனேன். ஜெனி முந்திக்கொண்டாள்.

"மொதல்ல அந்த நாலு பேருக்கும் போன் போட்டு, ஏ கல மாய்னு சொல்லிக் கூப்பிடுங்க சார். அந்தம்மா காத்துக்கினு இருக்காங்க."