ருசி பார்க்காத நடுவர்

நான் ருசி பார்க்காமலே மதிப்பெண் போட்டேன். அதனால் பக்கத்து வீட்டு அம்மாள் தோற்றுப்போனார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் இண்டியானாவில் ஒரு நடுத்தர ஊரில் இருந்தோம். எனக்கு என்ஜின் தொழிற்சாலையில் வேலை. ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்மேல் அப்படி ஒரு பெருமை. ஊர்ப்பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தீயணைப்பு நிலையத்தில் வருடந்தோறும் நடக்கும் சில்லி போட்டி. சில்லி என்பது மாட்டிறைச்சியும் பீன்ஸும் மிளகாய்த்தூளும் போட்ட கெட்டிக் குழம்பு. ஜெயித்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து நிலையத்துச் சுவரில் மாட்டுவார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர், ஒருமுறை ஜெயித்தவரும்கூட. அவர் இறந்த பிறகு, அவர் பெயருக்குக் கீழே தன் பெயரும் வரவேண்டும் என்று அந்த அம்மாள் ஒவ்வொரு வருடமும் சமைத்தார்.

காரம் தெரிந்தவன் என்று அந்த வருடம் என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். ஊர் என்னைச் சேர்த்துக்கொண்டதே என்ற கிறக்கத்தில், நான் சைவம் என்று சொல்ல வாய் வரவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தேன், காகிதத்தில் துடைத்தேன், தலையை ஆட்டினேன். மற்ற இரு நடுவர்களில் ஒருவர் அந்த அம்மாளுக்கும் இன்னொருவர் வேறொருவருக்கும் கூடப் போட்டிருந்ததால் முடிவு என் மதிப்பெண்ணில் நின்றது. பக்கத்து வீட்டுக்குச் சாய்ந்தேன் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக அந்த அம்மாளுக்குக் குறைத்துப் போட்டேன். அதை நேர்மை என்றுதான் நினைத்தேன்.

"முடியாதுன்னு சொல்றதுல என்னங்க கஷ்டம்?" என்றாள் மனைவி, காரில். "நம்ம டிரைவ்வே ஸ்னோ எல்லாம் அவங்கதான் கிளியர் பண்றாங்க."

"எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?"

"தட்ஸ் சீட்டிங், அப்பா," என்றாள் பின்னாலிருந்து மகள்.

மறுநாள் அந்த அம்மாள் வேலியோரம் வந்து, என்ன குறை என்று கேட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அதன்பின் அவர் வாராவாரம் உப்பைக் குறைத்துச் சமைத்துப் பார்ப்பதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் எழுந்தேன். போய் அவர் வீட்டு மணியை அடித்தேன்.

"நான் அதைச் சாப்பிடவே இல்லை," என்றேன்.

"அப்படியானால் உப்பு?" என்றார்.

"எனக்குத் தெரியாது."

கதவை மெதுவாகச் சாத்தினார்.

தீயணைப்பு நிலையத்துக்கும் போய்ச் சொன்னேன். தலைமை அதிகாரி சிரித்து, என் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். தகடு மாறவில்லை.

அடுத்த போட்டிக்கு அந்த அம்மாள் இறைச்சியே இல்லாமல் பீன்ஸ் மட்டும் போட்டுக் கொண்டுவந்தார். நான் அப்போது நடுவர் இல்லை. கடைசி இடம் அவருக்கு. மிச்சத்தில் ஒரு கிண்ணம் எடுத்து என்னிடம் வந்தார்.

"இப்போது சொல்லுங்கள். உப்பு எப்படி?"

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றார். சரியாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே சரியாக இருந்தது. அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

மன்னிச்சுட்டாங்க என்பாள் மனைவி. இல்லை என்பாள் மகள். இப்போது நியூ ஜெர்சியில், ஐசலின் ஊரில் மகள் வீட்டில் உட்கார்ந்தும் எனக்கு விளங்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலும் எங்கள் வாசல் பனியை அவரேதான் தள்ளினார். நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் போய்விடுவார்.