கம்பி தாங்காது

பைக்காரா கரண்ட் பீளமேட்டு மில்லுகளைத் தாண்டி எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்தபோது, வீட்டுக்கு எந்தக் கம்பி போடுவது என்பதை அப்பா என்னிடம் விட்டுவிட்டார். காலேஜில் பௌதிகம் படிக்கிறவன் அல்லவா நான்! ஒரு பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்கும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டேன். விளக்குகளுக்கு ஒற்றை இழைக் கம்பி போதும். இன்னும் பத்துப் பல்பு சேர்த்தாலும் அது தாங்கும். வயரிங் செய்ய வந்தவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வருகிறவர்கள் உட்காரும் முன்கட்டு ஆசாரத்தில் ஒரு பல்பு, வாசலில் ஒன்று, அப்பாவின் அறைக்கு, என் மேசைக்கு, மாட்டுக் கொட்டகைக்கு. விளக்கு எரிந்த அன்று சாயங்காலம் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து ஆசாரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி கொடுத்துவிட்டுத் திரும்பிய அம்மா என் அருகில் நின்றாள்.

"ஏனுங்க கண்ணு, சமையக்கட்டுக்கு ஒண்ணு போட முடியாதுங்களா?"

சுரீரென்றது. எருமையை நினைவு வைத்திருந்தவன் அம்மாவை மறந்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"கம்பி தாங்காதுங்கம்மா. வாய்க்கால்ல கொள்ளாத தண்ணிய உட்டா கரை உடையுதில்லீங்க, அந்த மாதிரி."

வந்தவர்கள் தலையாட்டினார்கள். படித்த பிள்ளை பேச்சே தனி என்று ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அம்மா, "செரீங்க கண்ணு" என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் நம்பினாள். அதுதான் என்னைப் படுத்தியது. கம்பிக்குப் பாரம் என்று ஆளில்லாத அறைகளில் விளக்கை அணைத்துக்கொண்டே போவாள். பால் கறந்த கையோடு கொட்டகை விளக்கையும் அணைப்பாள். என் மேசை விளக்கை மட்டும் தொடமாட்டாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைப்பேன்.

ஐப்பசி மழைக்காற்றில் ஒரு நாள், சோறு வடிக்கும்போது சிமினி விளக்கு அணைந்துவிட்டது. கொதிகஞ்சி அம்மாவின் பாதத்தில் கொட்டிக் கொப்பளித்துப்போயிற்று. பார்க்க வந்த அத்தை கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ எருமையாப் பொறந்திருக்கோணும் அம்மணி. ஒரு வெளக்காச்சும் கெடச்சிருக்கும்" என்றாள்.

"அவன் என்னங்க பண்ணுவான். கம்பி தாங்காதாமுங்க."

நான் அறைக்குள் இருந்தேன். வெளியே வரவில்லை.

மறுநாளே கோயமுத்தூர் போனேன். கடையில் ஒற்றை இழைக் கம்பிதான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதே கம்பியை இழுத்துச் சமையற்கட்டில் விளக்கை எரிய வைத்தால், நான் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே. ஏழு இழைக் கம்பி கேட்டேன். கிணற்று மோட்டாருக்கா என்றார் கடைக்கார பாய். சமையற்கட்டுக்கு, ஒரு பல்புக்கு என்றேன். அவர் சிரித்து, "அடுப்புக்குப் பதிலா பல்புலயே சோறாக்கப் போறீங்களா தம்பி?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

நானே போட்டேன். ஆசாரத்து மூலையில் பழைய ஒற்றை இழையிலிருந்து பிரித்து, சமையற்கட்டுச் சுவரில் அந்தத் தடித்த கம்பியை எல்லோர் கண்ணிலும் படும்படி கொண்டுபோனேன். புதுக் கம்பி, நன்றாகத் தாங்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். காலில் துணிக்கட்டோடு அவள் நொண்டி நொண்டி வந்து, கம்பியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து, இரண்டும் சேர்கிற மூலை வரைக்கும் போனாள். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிப் பழகினவள்.

"வாய்க்கா பழசேதானுங்களே கண்ணு. மடைய மட்டும் அகலமா வெட்டிப்போட்டாத் தண்ணி சேத்தி வருமுங்களா?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் படித்ததில் அதற்குப் பதில் இருந்தது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். நான் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

 அம்மா ஆசாரத்துக்குப் போய் அங்கே எரிந்த விளக்கை அணைத்துவிட்டு வந்து, தன் விளக்கைப் போட்டாள். இப்போதும் அப்படித்தான் செய்கிறாள்.