எதிர்ப்பக்கம் நிற்க ஓர் ஆள்

இன்று ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஒரு போர்டு கேம் கடையில், பகடை உருட்டிப் பூதங்களோடு சண்டை போட உட்கார்ந்தோம்.

ஆட்டத்தை நடத்தும் யோனாஸ் முதலிலேயே, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் ஒரு விதியில் கை வைத்தார். பூதத்தின் இருபுறமும் நம் ஆட்கள் நின்றால் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி. இனி உருட்டிய எண்ணோடு ஒரு புள்ளி மட்டும்தான் கூடுதல். இல்லாவிட்டால் எல்லாரும் இடம் பிடிக்கவே ஓடுகிறார்களாம்.

நியாயம்தான். படிக்கும் காலத்தில் மாணவர் விடுதிச் சமையலறையில் ஆடியபோது நாங்களும் அப்படித்தான் ஓடினோம். அவித்த கொண்டைக்கடலைதான் பூதம், கொன்றவர் தின்றுவிடலாம்.

அங்கே நான் எங்கே நின்றாலும், விடுதி நண்பன் பிரபு ஆடும் மந்திரவாதி பூதத்தின் எதிர்ப்பக்கம் வந்து நிற்பான். ஒரே அடியில் விழுந்துவிடும் நோஞ்சான்.

“டேய், பின்னாடி நின்னு மந்திரம் போடுடா!” என்று கத்துவேன்.

“அப்ப நீ எப்படி ரெண்டு தடவ உருட்டுவ?” என்பான்.

இப்போது சென்னையில் இருக்கும் அவனுக்கு வாட்ஸப்பில் புது விதியைச் சொன்னேன்.

“நல்ல ரூல்டா. அப்பவே இருந்திருந்தா நான் அத்தன தடவ செத்திருக்க மாட்டேன்.”

இன்றைய சண்டையில் யாரும் சாகவில்லை. என் எதிர்ப்பக்கம் யாரும் வந்து நிற்கவும் இல்லை.

ஒரு புள்ளிக்காக யார் வருவார்கள்? உங்கள் மேசையில் வருகிறார்களா?