எட்டுப் பெட்டிகளும் அக்காவின் வலது காதும்

அன்று தன்னாமுனைப் பொதுமண்டபத்தில் நான் இருந்தேன், அக்கா இருந்தாள், ஏறாவூரிலிருந்து ஸ்பீக்கர்களை வாடகைக்குக் கொண்டுவந்த, நாங்கள் ‘காக்கா’ என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் இருந்தார். அப்பா வரவில்லை. யுத்தம் முடிந்து கடல்தொழிலுக்கு இருந்த தடை தளர்ந்த நேரம், அவரை எந்த இசையாலும் கரையில் நிறுத்த முடியாது. அம்மாவை மாங்கேணியில் சுனாமி கொண்டுபோயிருந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அக்கா பிளவுஸ் தைத்து என்னைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்தாள். அங்கே கணினியில் நான் கற்றுக்கொண்டிருந்ததை அவளுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியவில்லை. கேட்பவரைச் சுற்றி எட்டு ஸ்பீக்கர். ஒன்றில் ஓசையைக் குறைத்துக்கொண்டே அடுத்ததில் கூட்டினால், ஆளில்லாத உடுக்கு ஒன்று அறையைச் சுற்றி நடக்கும்! முதல்முறை அதைச் செய்தபோது, பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அந்தக் கணத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்காகவே மூன்று மாதம் உழைத்தேன்.

வலைக்கயிற்றால் அளந்து ஸ்பீக்கர்ப் பெட்டிகளை வட்டமாக வைத்தோம்.

“கலியாண வீட்டுல பெட்டியெல்லாம் ஒரு பக்கம் நிக்கும். நீ சனத்தச் சுத்தி வைக்கிறா. மறுகாவும் ஆமிக்காரன்ட சுத்திவளைப்பா மனே?” என்றார் காக்கா.

அக்காவை நடுவில் கதிரையில் இருத்தினேன். உடுக்கு புறப்பட்டது. அவள் முகம் அசையவில்லை.

“நல்லாத்தான் இரிக்கிடா. ஆனா ஒரு பக்கந்தான் கேக்குது.”

அப்போதுதான் உறைத்தது. இடம்பெயர்ந்து வரும்போது வாகரையில் விழுந்த ஷெல்லில் அவளுடைய இடது காது போயிருந்தது. யாரோடு நடந்தாலும் அவரைத் தன் வலப்பக்கம் விட்டுக்கொள்வாள். அது எனக்குப் பழகிப்போய், காதையே மறந்திருக்கிறேன். அவளுக்கென்று செய்த இசை, இரண்டு காது உள்ளவர்களுக்கான இசை.

“நிப்பாட்டுங்க காக்கா,” என்றேன்.

“ஏன்டா நிப்பாட்டுறா? காசு குடுத்த நேரம் கிடக்கு. மறுகாப் போடு.”

சொல்லிக்கொண்டே அக்கா எழும்பினாள். சந்தையில் யாராவது கூப்பிட்டால் செய்வதுபோல், வலது காதை முன்னே விட்டு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றாள். கை உயர்ந்தது.

“இஞ்ச!”

சரி.

“இப்ப யன்னலடிக்குப் போகுது!”

அதுவும் சரி.

“டேய், என்னத் தாண்டிப் போகுதுடா!”

நான் துள்ளினேன். கேட்பவர் நடுவில் அசையாமல் இருக்கவேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். கதிரையைத் தூக்கி வெளியே வைத்தேன். இடது காதைப் பொத்திக்கொண்டு நானும் நடந்தேன். முகம் திரும்பத் திரும்ப உடுக்கு மங்கியது, தெளிந்தது. அவள் தேடிக் கண்டுபிடிக்க நேரம் விட்டு, அங்கேயே கணினியில் உடுக்கின் நடையைப் பாதி வேகமாக்கினேன். காக்காவும் கண்ணை மூடிக்கொண்டு வட்டத்துக்குள் வந்துவிட்டார். “அல்லாவே, பிடரிக்குப் பின்னால நிக்கான்!”

கடைசித்தடவை அக்கா கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து, உடுக்கைப் பிடிக்கவே ஓடினாள். பிடித்தும்விட்டாள், ஆறாவது பெட்டியை, ஸ்டாண்டோடு தரையில்.

“ஆப்பிட்டிட்டான்!” பெட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். உள்ளே ஓசை எழுப்பும் அதன் காகிதக் கோன் கிழிந்திருந்தது.

“சிரிங்க தங்கச்சி, சிரிங்க. கணக்க மறுகாப் பேசுவம்,” என்றார் காக்கா.

வாடகை, ஜெனரேட்டர் எண்ணெய், புதுக் கோன் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து எண்ணூறு ரூபா. அக்காவின் கணக்கில் இருபத்தாறு பிளவுஸ்.