மேட்டுக்கும் ஒரு இலை

மகள் நூலகத்தில் எடுத்துவந்த பிரெஞ்சுப் புத்தகத்தில், வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றின்மேல் நீளமாய் ஒரு புல் மூடிய புதைமேட்டின் படம்.

"அப்பா, அந்தக் காலத்துச் சனத்தை எல்லாம் ஒண்டாய் இதுக்குள்ளதான் தாட்டவையாம்" என்றாள்.

எனக்கு எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு வளவு நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மா பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளி அலுத்துப்போனதால், அப்பா ஆள் வைத்துக் கிணறு வெட்டத் தொடங்கினார். இடுப்பளவு ஆழத்தில் பெரிய மண்தாழிகள் தெரிந்தன. உள்ளே எலும்புகள், ஒன்றில் ஒரு குழந்தையின் சின்னத் தலை.

"பழங்காலத்து ஆக்கள். பொன்னும் கிடக்கும், அண்ணை" என்றார் கிணறு வெட்டியவர்.

அப்பா கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, மண்ணைப் போட்டு மேடாக்கிவிட்டார். கிணற்றுக்கு வளவில் வேறு தோதான இடமும் இல்லை.

"செத்த ஆக்களுக்குக் காணி, எனக்குக் குடமோ?" என்ற அம்மா, மூன்று நாள் அப்பாவோடு கதைக்கவில்லை.

ஆனால் ஆடி அமாவாசைக்கு அப்பப்பாவுக்குப் படைத்த கையோடு, காத்தோட்டிக்காய்ப் பொரியலும் பாயசமும் வைத்து இன்னொரு இலையை மேட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மாதான்.

"ஆரெண்டு தெரியாட்டில் பசிக்காதோ? அதுக்குள்ள ஒரு பிள்ளையும் கிடக்குது."

பிறகு ஒரு வருடமும் தவறவிடவில்லை.

போரால் இப்போது அந்த வளவில் ஒருவருமில்லை. இன்றும் ஆடி அமாவாசை. புலம்பெயர்ந்து வந்த பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் அப்பாவின் படத்துக்குப் படைத்துவிட்டு, மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே பல்கனியில் இன்னொரு இலை வைத்தேன்.

"இது புத்தகத்து ஆக்களுக்கோ, உங்கட வளவு ஆக்களுக்கோ?"

"ஆருக்கெண்டு கேக்காதை, பிள்ளை. பாயசத்தை ஊத்து."

ஊற்றினாள். பின், இன்னும் ஒரு கரண்டி.

"இது அந்தச் சின்னனுக்கு" என்றாள்.