இரும்புக் கடைக்காரர் நிறுத்த பெட்டி

அந்தத் தெருவில் யார் விமானம் ஏறினாலும் பெட்டி முதலில் பழைய இரும்புக் கடைக்குத்தான் வரும். கடைக்காரர் விமானப் படியை ஒருநாளும் மிதித்தவர் இல்லை. ஆனால் பெட்டி விதி அத்தனையும் அவருக்கு அத்துப்படி. டிக்கெட்டை வாங்கி மூக்கருகே பிடித்து, பல் குத்திக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்.

“மலிவா கிடைச்சிருச்சுன்னு பல்லைக் காட்டாதே. இதுல பெரிய பெட்டியே கிடையாது. கைப்பை ஏழு கிலோ, அவ்வளவுதான். பெட்டி வேணும்னா இன்னிக்கே போன்ல காசு கட்டு. அங்க போய் கவுன்டர்ல நின்னா மூணு மடங்கு பிடுங்குவான். பவர் பேங்கைக் கைப்பையில வை. பெட்டியில வச்சே, உன்னைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வான். உன் உள்ளாடையெல்லாம் ஊர் பார்க்கும்.”

பிறகு பெட்டியை மேடைத் தராசில் ஏற்றி நிறுத்துக் கொடுப்பார். இலவசம்தான்.

அந்தத் தராசு பொய் சொல்லும். கடை திறந்த புதிதில் அதன் நகரும் குண்டுக்கு அடியில் ஈயம் உருக்கி ஊற்றியவர் அவரேதான். பதினோரு கிலோ இரும்பு வைத்தால் பத்து என்று காட்டும். இரும்பு வாங்குகிறவருக்கு அது லாபம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு எமன். இந்த இரண்டையும் அவர் ஒருநாளும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷத்தில் ஈயம் அவருக்கே மறந்துவிட்டது. விமான நிலையத்தில் தண்டம் அழுதுவிட்டு வந்தவர்கள் திட்டும்போது அவரும் கூடச் சேர்ந்து, “மெஷின்ல ஏதோ வேலை பண்ணி வச்சிருக்கானுங்க திருட்டுப் பசங்க” என்று மனசாரத் திட்டுவார்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. மனைவி புறப்பட்டாள். மருந்துக் கடை மெஷினில் ஒரு தடவை எடை பார்த்துவிடலாம் என்றாள்.

“ஏன், நம்ம தராசுக்கு என்ன கேடு?”

தராசில் பெட்டி இருபத்து மூன்று, கைப்பை ஏழு; அனுமதித்த அளவுக்கு இம்மியும் கூடவில்லை. குக்கர், குழந்தைத் துணிகள், எல்லாவற்றுக்கும் மேலே அவர் கடையில் கிடைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு உரல்.

“அங்க உரல் கிடைக்காதாங்க?”

“இந்த இரும்பு கிடைக்காது.”

பார்வையாளர் சீட்டு வாங்கி அவரும் கூடவே உள்ளே போனார். விமான நிலைய வரிசையில் இவர்களுக்குப் பின்னால் அதே தெருச் சலூன்காரர் நின்றார். தம்பியைப் பார்க்க அதே விமானத்தில் போகிறார். அவர் பெட்டியும் நேற்று இவர் தராசில் ஏறி இறங்கியதுதான்.

சீருடைப் பெண் ஒருத்தி கொக்கித் தராசில் கைப்பைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “ஏழு புள்ளி ஏழும்மா. ஏழுதான் அனுமதி.” மனைவி பையிலிருந்து தடித்த ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கடைக்காரருக்குப் பதினெட்டு வருஷத்து ஈயம் நினைவுக்கு வந்தது. ஏழுக்கு எழுநூறு கிராம் என்றால் இருபத்து மூன்றுக்கு எவ்வளவு? ஒரு காலத்தில் தினமும் போட்ட கணக்கு, நொடியில் விடை வந்துவிட்டது. இரண்டு கிலோ முந்நூறு. முன்னால் மூன்றே பேர். இப்போதே குறைத்தால் தண்டம் இல்லை. ஆனால் சலூன்காரர் காது ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. அந்தக் காதில் விழுவது எத்தனை தலைக்குப் போகும் என்று தெருவுக்கே தெரியும்.

சத்தமில்லாமல் பெட்டியைச் சாய்த்து ஜிப்பை இழுத்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“கொஞ்சம் காத்தாடட்டும்.”

முப்பது வருஷம் பார்த்த முகம். அவள் குரலைத் தாழ்த்தினாள். “நம்ம தராசு எவ்வளவு முழுங்கும்?”

“பதினொண்ணுக்கு ஒண்ணு.”

அவள் இரண்டரை கிலோ உரலை எடுத்து, குழந்தையைக் கொடுப்பதுபோல் அவர் கையில் வைத்தாள்.

அத்தோடு அவர் வாயை மூடியிருக்கலாம். சலூன்காரர் தன் பெட்டிமேல் முழங்கையை ஊன்றி, அத்தனை நிம்மதியாகக் கொட்டாவி விட்டதுதான் தாங்கவில்லை.

“தம்பி, உன் பெட்டியையும் திற. ரெண்டரை கிலோ குறை.”

“ஏன்ணே? உங்க தராசுலதானே நிறுத்தோம்?”

“அதனாலதான் சொல்றேன்.”

சலூன்காரர் சோப்புக் கட்டையும் இரண்டு பெரிய ஷாம்பூ பாட்டிலையும் எடுத்து உரலுக்கு மேல் அடுக்கினார். மூன்றாவது பாட்டிலோடு கை நின்றது.

“அண்ணே, போன மாசம் உங்க கடைக்குப் போட்டேனே, என் பழைய சலூன் நாற்காலி. அம்பது கிலோன்னு போட்டீங்க.”

“ம்.”

“தூக்கிட்டு வந்து இடுப்பு பிடிச்சு நாலு நாள் படுத்தேன். அம்பது கிலோவுக்கே இப்படியா, கிழவனாயிட்டோமேன்னு பொண்டாட்டிகிட்ட அழுதேன்.”

“அம்பத்தஞ்சு” என்றார் கடைக்காரர், உரலைப் பார்த்தபடி.

கவுன்டரில் மனைவியின் பெட்டி இருபத்து இரண்டு புள்ளி எட்டு காட்டியது. ஒரு காசு தண்டம் இல்லாமல் பெல்ட்டில் ஏறிப் போனது.

திரும்பும் பஸ்ஸில் மடியில் உரல், உரலுக்குள் சோப்பு, கைக்கொரு ஷாம்பூ. போன் அடித்தது.

“உக்காந்துட்டேங்க. பக்கத்து சீட்டு சலூன்காரர்தான்.”

அவர் நழுவிய ஷாம்பூவைப் பிடித்தார்.

“ஆறு மணி நேரம் பறக்கணுமாம். தெருவுல யார் யார் உங்ககிட்ட என்னென்ன பழைய சாமான் எடைக்குப் போட்டாங்கன்னு பேப்பர்ல எழுதிக்கிட்டிருக்கார். அவர் விட்டதை நான் எடுத்துக் குடுக்கறேன்.”